‘லைஃப் ஆஃப் பை’ நாவலைக் குழுவாகப் படித்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யான் மார்டெல் எழுதி 2001இல் வெளிவந்த, கப்பல் மூழ்கியபின் ஒரு புலியோடு படகில் மிதக்கும் சிறுவனின் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ நாவலை நான்கு வாசகர் குழுக்களோடு உட்கார்ந்து முழுதாகப் படித்திருக்கிறேன். ஆட்கள் மாறினார்கள், தடுக்கி விழுந்த இடங்கள் மாறவில்லை. முதல் பாகத்தின் நடுவில் சிலர் புத்தகத்தை மூடி வைத்தார்கள். பாசித் தீவு வந்ததும் சிலர் பொறுமை இழந்தார்கள். மூன்றாம் பாகத்தை ஒரே மூச்சில் முடித்து, விடை கிடைத்துவிட்டது என்று எழுந்து போனவர்கள்தான் அதிகம். நான் மிகவும் வருந்துவது இந்த மூன்றாவது இழப்புக்காகத்தான்.

படிக்கும் வரிசையைச் சரிசெய்தால் மூன்றையும் தவிர்க்கலாம். இந்த நாவல் வாசகரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துகிறது. எந்தப் பக்கத்தில் எதை நம்பினோம் என்று நாமே எழுதி வைத்துக்கொண்டு போனால்தான் கடைசியில் அது கேட்கும் கேள்வி நம்மைத் தொடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே.

ஒரு வேண்டுகோள். முதல் முறை படிப்பவர்கள் 7ஆம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 8ஆம் படியிலிருந்து நாவலின் முடிவைப் பற்றிப் பேசுகிறேன்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் கடைசிக் கூடுகையில் எல்லோரும் எழுதியதை வாசித்துக் கேட்க நேரம் இருக்காது.

வாரம் ஒன்றாக ஐந்து கூடுகைகள் வையுங்கள். முதலாவதற்கு ஆசிரியர் குறிப்பும் 1 முதல் 20 வரையிலான அத்தியாயங்களும். இரண்டாவதற்கு 21 முதல் 36 வரை. மூன்றாவதற்கு 37 முதல் 60 வரை. நான்காவதற்கு 61 முதல் 94 வரை. 95 முதல் 100 வரை யாரும் வீட்டில் படிக்கக் கூடாது; ஐந்தாவது கூடுகையில் சேர்ந்து படிக்க வேண்டும். நாவலில் மொத்தம் 100 அத்தியாயங்கள், பல ஓரிரு பக்கங்களே. ஆகவே பதிப்பு எதுவானாலும் பக்க எண்ணை விட்டுவிட்டு அத்தியாய எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம், பென்சில், மெல்லிய நோட்டு, ஒட்டக்கூடிய கடித உறை, ரப்பர் வளையம் ஒன்று. பொதுவுக்கு ஒரு பெட்டி சாக்பீஸும் அளவு நாடாவும். ரப்பர் வளையம் மூன்றாம் பாகத்தின் பக்கங்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த ஒருவரால் ஒரு குழுவின் ஐந்து வார உழைப்பே வீணானதை நான் பார்த்தேன்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமோ என்று தயங்குபவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள்: வாக்கியங்கள் எளியவை. கடினமானவை படகின் உறுப்புகளுக்கான சொற்களும் சில விலங்குப் பெயர்களும் மட்டுமே. படகுச் சொற்களுக்கு அகராதியைத் தேட வேண்டாம், 4ஆம் படியில் அவை தாமாகத் தெளிவாகிவிடும்.

ஆங் லீ இயக்கிய 2012ஆம் ஆண்டுத் திரைப்படத்தை இந்த ஐந்து வாரங்களில் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் குழுவில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. படம் முதல் பாகத்தை வேகமாகக் கடந்துவிடுகிறது. அந்த வேகம் மனத்தில் படிந்துவிட்டால் நாவலின் நிதானம் சுமையாகத் தெரியும்.

முக்கியமான ஒன்று: இந்தப் புத்தகத்தில் கப்பல் மூழ்குகிறது, ஒரு குடும்பம் கடலில் மடிகிறது, பசியும் கொலையும் விரிவாக வருகின்றன. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். நான் நடத்திய இரண்டாவது குழுவில் கடலில் தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்கா இருந்தார். நான் எச்சரிக்கவில்லை. 37ஆம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டார். அது என் தவறு. அதன்பின் எந்தக் குழுவிலும் இதைச் சொல்லாமல் தொடங்கியதில்லை.

2. ஆசிரியர் குறிப்பை நாவலின் முதல் அத்தியாயமாகப் படியுங்கள்

பெரும்பாலோர் இதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். தாண்டினால் நாவலின் கதவையே தாண்டிவிட்டார்கள்.

எழுத முடியாமல் தவிக்கும் எழுத்தாளர் ஒருவர் இந்தியாவுக்கு வருகிறார். புதுச்சேரி நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸில் ஒரு முதியவரைச் சந்திக்கிறார். ஒரு கதை இருக்கிறது, கேட்டால் கடவுளை நம்புவீர்கள் என்கிறார் முதியவர். அந்த வீதி உண்மை, காபி ஹவுஸ் உண்மை. முதியவர் கற்பனை. இதே குறிப்பில் மொவாசிர் ஸ்க்லியார் என்ற பிரேசில் எழுத்தாளருக்கு ஆசிரியர் நன்றி சொல்கிறார். அவர் உண்மையான மனிதர், படகில் ஒரு பெரும்பூனையோடு மாட்டிக்கொண்டவனின் கதையை 1981இலேயே எழுதியவர். உண்மையும் கற்பனையும் ஒரே குரலில், ஒரே மரியாதையோடு சொல்லப்படுகின்றன.

செய்ய வேண்டியது: உண்மை என்று உங்களுக்குத் தோன்றும் வாக்கியங்களின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். இணையத்தில் தேடக் கூடாது. கூடுகையில் ஒருவர் கோட்டை மற்றவர் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே குறிப்பைப் படித்த எட்டுப் பேர் எட்டு விதமாக நம்பியிருப்பார்கள். ‘ஏன் இதை நம்பினாய்?’ என்று கேளுங்கள். “ஊர்ப் பெயர் சரியாக இருந்தது, அதனால்” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அந்தப் பதிலை நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வாரம் தேவைப்படும்.

3. முதல் பாகத்தில் மூன்றே மூன்று இழைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் 36 அத்தியாயங்களில் கடல் வராது. புலியோடு படகில் மிதக்கும் சிறுவனின் கதை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் இங்கேதான் சலித்துப்போவார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயலாமல் மூன்று இழைகளை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிறகு கடலில் அவன் செலவழிப்பது முழுவதும் இங்கே சேர்த்துவைத்ததுதான்.

முதல் இழை, பெயர்கள். கதாநாயகன் பிசின் மோலிட்டர் படேல்; பாரிஸில் உள்ள நீச்சல் குளம் ஒன்றின் பெயர் அவனுக்கு. அந்தப் பெயரை வைத்துப் பள்ளியில் கேலி செய்ததால் ‘பை’ என்று தானே சுருக்கிக்கொண்டு, கரும்பலகையில் கணிதக் குறியோடு எழுதிக் காட்டுகிறான். புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். அது வேட்டைக்காரனின் பெயர். எழுத்தர் ஒருவரின் பிழையால் விலங்குக்குப் போய்விட்டது (இது இரண்டாம் பாகத்தில்தான் தெரியவரும்). இந்த நாவலில் பெயர் மாறினால் ஆள் மாறுகிறதா என்ற கேள்வியை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது இழை, விலங்குகள். பையின் அப்பா புதுச்சேரியில் உயிரியல் பூங்கா நடத்துகிறார். 4ஆம் அத்தியாயத்தில் கூண்டு பற்றிய வாதம் வருகிறது. 8ஆம் அத்தியாயத்தில் பசித்த புலியின் கூண்டுக்குள் ஆடு விடப்படுகிறது. இரண்டு மகன்களும் பார்க்கும்படி அப்பா அதைச் செய்கிறார். அதே அத்தியாயத்தில், பூங்காவிலேயே மிக ஆபத்தான விலங்கு எது தெரியுமா என்று சுவரில் எழுதி, பக்கத்தில் சின்னத் திரை தொங்குகிறது. விலக்கினால் முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பத்தியைச் சத்தமாக வாசியுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்ததற்குப் போங்கள். 13, 14ஆம் அத்தியாயங்களில் சர்க்கஸ் வளையத்துக்குள் சிங்கத்தைப் பழக்குபவரின் முறை வருகிறது. அதைத் தவறவிட்டவர்களுக்கு 71ஆம் அத்தியாயத்தில், ஒரு விசிலை வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் புலியை அடக்கத் திட்டம் போடுவது வேடிக்கையாகவே படும்.

மூன்றாவது இழை, நம்பிக்கை. நம் வாசகர்கள் இதில் ஒரு குறிப்பிட்ட தவறைச் செய்கிறார்கள். பை இந்துவாகப் பிறந்து, மூணாறில் ஒரு பாதிரியாரைச் சந்தித்துக் கிறித்தவத்தையும், புதுச்சேரியில் ரொட்டி சுடும் ஒரு சூஃபியிடமிருந்து இஸ்லாத்தையும் ஏற்றுக்கொள்கிறான் என்றதும், “எம்மதமும் சம்மதம், அவ்வளவுதானே” என்று கடந்துவிடுகிறார்கள். நாவல் அவ்வளவு அவசரப்படவில்லை. கோயிலில் அவனைப் பிடித்துவைப்பது புலன்கள்: விபூதி, மணியோசை, இருட்டு. கிறித்தவத்தில் அவனைத் தொந்தரவு செய்வது ஒரு கதை. கடவுள் ஏன் அடிபட்டுச் சாக வேண்டும் என்று கோபப்படுகிறான், வேறு கதை சொல்லுங்கள் என்று கேட்கிறான். அவர்களிடம் இருப்பது அந்த ஒரே கதைதான், அதற்கே அவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டுகொள்கிறான். இஸ்லாத்தில் அவனை ஈர்ப்பது உடல்: நெற்றி தரையில் படும் தொழுகை. மூன்றும் வெவ்வேறு வாசல்கள். எந்த வாசல் எதற்குத் திறக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடலில் ஒவ்வொன்றையும் அவன் தனித்தனியாகத் தேடுவான்.

இதே இழையில் 31ஆம் அத்தியாயத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நாத்திகரான உயிரியல் ஆசிரியர் பெயர் சதீஷ் குமார். சூஃபி ரொட்டிக்காரர் பெயரும் சதீஷ் குமார். இருவரும் ஒரே நாளில் ஒரே வரிக்குதிரையைப் பார்க்கிறார்கள். ஒருவர் அதன் அறிவியல் பெயரைச் சொல்கிறார், மற்றவர் இறைவனைப் புகழ்கிறார். வரிக்குதிரை அங்கேயே நிற்கிறது. முதல் பாகத்தில் எதையாவது மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று என் குழுக்களிடம் சொல்வேன்.

சாய்வெழுத்தில் வரும் சின்ன அத்தியாயங்கள் பலரைக் குழப்பும். அவற்றில் பேசுபவர் எழுத்தாளர். பல ஆண்டுகளுக்குப் பின், பெரியவனாகிவிட்ட பையைக் கனடாவில் சந்திக்கிறார். 6ஆம் அத்தியாயத்தில் அந்த வீட்டுச் சமையலறை அலமாரிகள் முழுக்க உணவு அடைந்து கிடக்கிறது. இரண்டு பக்கம்கூட இல்லாத அத்தியாயம். பட்டினி கிடந்த உடலின் பயம் அந்த அலமாரிகளில் இருக்கிறது.

நெருக்கடி நிலைக் காலமும் 1976 தொடக்கத்தில் தமிழக அரசு கலைக்கப்பட்டதும் இந்தப் பாகத்தில் வருகின்றன. பையின் அப்பா ஊரை விட்டுப் போக முடிவெடுப்பதற்கு அதுவே தூண்டுதல். பெரியவர்கள் இருக்கும் குழுவில் இங்கே அரசியல் பேச்சு தொடங்கிவிடும். பத்து நிமிடம் அனுமதியுங்கள், பிறகு கப்பலில் ஏற்றிவிடுங்கள்.

4. மொட்டைமாடியில் படகை வரையுங்கள்

இரண்டாவது கூடுகையின் கடைசி அரை மணி நேரத்துக்கு மாடிக்குப் போங்கள். நாவலில் உயிர்காப்புப் படகின் அளவு தெளிவாக இருக்கிறது: நீளம் 26 அடி, அகலம் 8 அடி, ஆழம் மூன்றரை அடி. சாக்பீஸால் உண்மை அளவில் வரையுங்கள். குறுக்கே பலகைகள், ஒரு பாதியை மூடும் தார்ப்பாய், முனை, பின்புறம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

பிறகு ஆட்களை உள்ளே நிறுத்துங்கள். ஒருவர் பை. ஒருவர் கால் முறிந்த வரிக்குதிரை, ஒருவர் கழுதைப்புலி, ஒருவர் உராங்குட்டான். தார்ப்பாய்க்கு அடியில் 450 பவுண்டு, அதாவது 200 கிலோவுக்குச் சற்று மேல், எடையுள்ள வங்கப் புலி. கோட்டைத் தாண்டினால் கடல்.

இதைச் செய்யாத குழுவில், அடுத்த வாரம் பாதி நேரம் “அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்?” என்ற கேள்வியிலேயே போய்விடும். செய்த குழுவில் யாரும் அதைக் கேட்பதில்லை. எட்டடி அகலம் எவ்வளவு குறைவு என்று கால் உணர்ந்த பிறகு அந்த அத்தியாயங்களின் அச்சம் வேறு மாதிரி இறங்குகிறது.

5. இரண்டாம் பாகத்துக்கு ஒரு சாட்சிக் கணக்கு வையுங்கள்

நோட்டில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் அத்தியாய எண்ணும் நடந்தது என்ன என்பதும், ஒரே வரியில். வலப்பக்கம் ‘நம்புகிறேன்’, ‘தயங்குகிறேன்’, ‘நம்பவில்லை’ ஆகிய மூன்றில் ஒன்று. காரணம் எழுத வேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் வாசிப்பு நின்று வாதம் தொடங்கிவிடும்.

முதல் தடை 37ஆம் அத்தியாயத்திலேயே வரும். கப்பல் மூழ்கிவிட்டதாக அது தொடங்குகிறது. 38 பின்னோக்கிப் போய்ப் பயணத்தைச் சொல்கிறது. பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று தேடாதீர்கள். ‘சிம்சும்’ என்ற அந்த ஜப்பானியச் சரக்குக் கப்பல் 1977 ஜூன் 21இல் சென்னையிலிருந்து கிளம்பி, ஜூலை 2இல் பசிபிக் கடலில் மூழ்குகிறது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

52ஆம் அத்தியாயத்தில் படகில் இருந்த பொருள்களின் பட்டியல் வருகிறது. தாண்டிப் போகாமல் முழுதாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளும் பிறகு உயிர் காக்கும். உதாரணமாக, சூரிய வெப்பத்தால் கடல்நீரை நன்னீராக்கும் 12 கருவிகள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிக நீரைச் செலவிட வேண்டிவரும், தாகம் கூடி மனிதன் சாவான். வெயிலில் நீரை ஆவியாக்கி, குளிர்ந்து வழியும் துளிகளைச் சேகரிக்கும் எளிய ஏற்பாடு இந்தக் கருவி. இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவர்களுக்கே பை ஏன் ஒவ்வொரு நாளும் அவற்றைக் குழந்தையைப்போலக் கவனிக்கிறான் என்பது விளங்கும்.

61ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். பிறவியிலேயே சைவ உணவு உண்பவனான பை முதல் மீனைக் கொல்கிறான். நம் கடற்கரையில் கோலா என்று சொல்லப்படும் பறக்கும் மீன். அழுகிறான். அந்த மீனுக்காக வாழ்நாளெல்லாம் பிரார்த்திக்கிறான். ஆனால் சற்று நேரத்தில் பெரிய டொராடோ ஒன்றை அடித்துக் கொல்லும்போது கை நடுங்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது என்று அவனே திகைக்கிறான். என் கருத்தில், நாவலின் இதயம் புலியைவிட இந்த இரண்டு மீன்களுக்கு நடுவில்தான் துடிக்கிறது. இங்கே வலப்பக்கத்தில் எல்லோரும் ‘நம்புகிறேன்’ என்றே எழுதுவார்கள். அதையும் ஐந்தாம் வாரத்துக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

நடுப்பகுதியில் நாள்காட்டி போட முயல வேண்டாம். 227 நாள்களையும் வரிசையாக அடுக்கப் பார்த்து ஒரு நண்பர் இரண்டு வாரம் வீணடித்தார். பை நாள்களை எண்ணவில்லை, நினைவுகள் கலைந்துதான் வருகின்றன என்று சொல்லியே கதை சொல்கிறான். மழை, பசி, கடலாமை, தொழுகை, புலியின் மூச்சு என்று பொருள் வாரியாகப் போகும் அத்தியாயங்கள் அவை.

“227 நாள் எப்படி முடியும்?” என்ற கேள்வி நான்காவது கூடுகையில் கட்டாயம் வரும். கணக்கை எழுதி முடித்த பிறகு மட்டும் இதைச் சொல்லுங்கள்: 1942-43இல் பூன் லிம் என்ற சீனக் கப்பல் பணியாளர் தென் அட்லாண்டிக்கில் மிதவையில் தனியாக 133 நாள் இருந்தார். 1982இல் ஸ்டீவன் கலஹான் அட்லாண்டிக்கில் 76 நாள். மெக்சிகோ கரையிலிருந்து மீன் பிடிக்கப் போய், 2014இல் மார்ஷல் தீவுகளில் கரை ஒதுங்கிய சால்வதோர் அல்வரெங்கா 438 நாள். முன்கூட்டியே சொன்னால் வாசகர் பையை நம்புவதற்குப் பதிலாக உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

6. 90, 92: இந்த இரண்டிலும் யாரையும் விளக்க விடாதீர்கள்

90ஆம் அத்தியாயத்தில் பார்வை போன நிலையில், நடுக்கடலில், பார்வையற்ற இன்னொரு மனிதனைப் பை சந்திக்கிறான். உணவைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மனிதன் ஓர் ஆணையும் பிறகு ஒரு பெண்ணையும் கொன்றதாகச் சொல்கிறான். 92ஆம் அத்தியாயத்தில் பாசியால் ஆன தீவு. கூட்டம் கூட்டமாக மீர்கேட் என்னும் சின்ன விலங்குகள். பகலில் உயிர் தரும் நிலம் இரவில் உயிரெடுக்கிறது. இலைகளில் சுற்றிய பழம் என்று பிரித்தால் உள்ளே மனிதப் பல். மொத்தம் 32.

கணக்கு நோட்டில் ‘நம்பவில்லை’ என்ற சொல் முதன்முதலாக வரிசையாக விழும் இடம் இது. புத்திசாலியான ஒருவர் “இது ஒரு குறியீடு” என்று எழுந்து நிற்பார். அன்போடு உட்கார வையுங்கள். விளக்கம் கிடைத்ததும் மற்றவர்கள் தங்கள் திகைப்பை விட்டுவிடுவார்கள், பிறகு அதை மீட்க முடியாது. ‘எந்த வரியில் நம்புவதை நிறுத்தினீர்கள்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதவைத்து, வீட்டுக்கு அனுப்புங்கள்.

7. 94க்குப் பிறகு நிறுத்தி, உறையில் எழுதி ஒட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

94ஆம் அத்தியாயத்தின் முடிவில் படகு மெக்சிகோ கரையைத் தொடுகிறது. புலி காட்டுக்குள் போகிறது, திரும்பிப் பார்க்காமல். விடைபெறாமல் போனதற்காகப் பை விம்மி அழுகிறான். நான்காவது கூடுகையில் இந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுத வேண்டும். தலைப்பு: ‘கடலில் என்ன நடந்தது?’ நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல, தான் நம்பும்படி. தேதி போட்டு, கையெழுத்திட்டு, உறைக்குள் வைத்து ஒட்டி, வழிநடத்துபவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒட்டாத உறையை வாங்காதீர்கள். மனிதர்கள் தாம் முன்பு நம்பியதைப் பின்பு அறிந்ததற்கு ஏற்றபடி திருத்திக்கொள்வார்கள், திருத்தியதே தெரியாமல்.

முதல் முறை படிப்பவர்கள் இங்கே இந்த வழிகாட்டியை மூடிவிடுங்கள்.

8. மூன்றாம் பாகத்தை மூன்று குரலில், ஒரே அமர்வில் வாசியுங்கள்

ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள். மெக்சிகோ மருத்துவமனையில் பையை விசாரிக்க ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து ஒகமோட்டோவும் சிபாவும் வருகிறார்கள். பெரும்பகுதி ஒலிப்பதிவின் எழுத்து வடிவம்; ஆகவே நாடகம்போல வாசிக்கலாம். 97ஆம் அத்தியாயத்தில் இரண்டே சொற்கள்தான். அச்சுப்பிழை அன்று. இரண்டாம் பாகம் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. வாசித்துவிட்டு மேலே போங்கள்.

வாழைப்பழம் மிதக்குமா என்று கைகழுவும் தொட்டியில் சோதித்துப் பார்க்கும் இடத்தைச் சிரித்துவிட்டுத் தாண்டாதீர்கள். அதிகாரிகள் உறுதியாக மறுத்த ஒன்று அவர்கள் கண்முன்னே மிதக்கிறது. அதற்குப் பின்தான் அவர்கள் புலியை மறுக்கிறார்கள், அதற்குப் பின்தான் பை இரண்டாவது கதையைச் சொல்கிறான்: சமையல்காரன், கால் முறிந்த மாலுமி, அம்மா, பை. விலங்குகள் இல்லாத கதை. அதை வாசிப்பவர் நடிக்கக் கூடாது. தட்டையாக, மெதுவாக வாசிக்கட்டும். முடிந்ததும் தண்ணீர் குடிக்க இடைவேளை விடுங்கள். நான் முன்பு சொன்ன அக்காவைப் போன்றவர்கள் குழுவில் இருந்தால், இந்தப் பத்து நிமிடம் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பலகையில் அட்டவணை போடுவது. வரிக்குதிரை என்றால் மாலுமி, கழுதைப்புலி என்றால் சமையல்காரன், உராங்குட்டான் என்றால் அம்மா, புலி என்றால் பை. இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. அந்த இரண்டு அதிகாரிகளே தங்களுக்குள் ஜப்பானிய மொழியில் பேசிக்கொள்கிறார்கள். நாவல் முன்னமே கையில் கொடுத்ததை விடையாக எண்ணித்தான் பலரும் எழுந்து போய்விடுகிறார்கள். அட்டவணையில் இடமில்லாதவற்றைக் கேளுங்கள். 90இல் வந்த பார்வையற்றவன் யார்? தீவு எதற்குச் சமம்? படகில் கிடந்த மீர்கேட் எலும்புகள் எங்கிருந்து வந்தன? 61இல் மீனுக்காக அழுதவன், ‘நம்புகிறேன்’ என்று எல்லோரும் எழுதிய அந்த இடத்தில், எதற்காக அழுதான்?

பை அதிகாரிகளிடம் கேட்கும் கேள்வியைத் தமிழில் சரியாகச் சொல்வது முக்கியம். எது உண்மை என்று அவன் கேட்கவில்லை. இரண்டு கதைகளும் கப்பல் ஏன் மூழ்கியது என்பதை விளக்கவில்லை, இரண்டையும் நிரூபிக்க முடியாது, இரண்டிலும் அவன் குடும்பம் இறக்கிறது, அவன் தவிக்கிறான். இந்த நிலையில் எது மேலான கதை என்று கேட்கிறான். ‘நல்ல கதை’ என்று மொழிபெயர்த்தால் பேச்சு சுவாரசியத்தின் பக்கம் போய்விடுகிறது. ‘மேலான கதை’ என்றால் எதில் மேல் என்று யோசிக்கத் தோன்றுகிறது. நம் மொழியில் ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்று பொருள். ஈழத்தில் ‘கதைப்பது’ என்றால் வெறுமனே பேசுவது. ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு, கேள்வியைச் சபையின் நடுவில் வையுங்கள். அதிகாரிகள் விலங்குகள் உள்ள கதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடவுள் விஷயமும் அப்படித்தான் என்கிறான் பை.

100ஆம் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். ஒகமோட்டோவின் அலுவலக அறிக்கை, மிகச் சிறியது. நேரான உண்மை வேண்டும் என்று கேட்டு வந்த அந்த மனிதர் கடைசியில் அறிக்கையில் எதை எழுதினார் என்று ஒருவரை இருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

9. உறைகளைப் பிரியுங்கள்

ஒவ்வொருவரும் தம் அரைப் பக்கத்தைத் தாமே வாசிக்கட்டும். இடையில் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள். இப்போது எந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அதைத் தேர்ந்தெடுக்க எதை விட்டுக்கொடுத்தீர்கள்?

இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் கூட்டம் பக்தர், பகுத்தறிவாளர் என்று இரண்டாகப் பிரிந்து பழைய சண்டையைப் போடும். அந்தக் கேள்வியோடு கேட்டால் பகுத்தறிவாளர் தம் தேர்வில் எதை இழந்தார் என்றும், பக்தர் எதைப் பார்க்க மறுத்தார் என்றும் தாமே சொல்கிறார்கள். ஆசிரியர் குறிப்பில் போட்ட கோடுகளையும் இப்போது எடுங்கள். ஊர்ப் பெயர் சரியாக இருந்ததால் நம்பினேன் என்று முதல் வாரம் எழுதியவர்கள் அதைத் தாமே வாசிக்கும்போது அறையில் ஒரு அமைதி வரும். அதைக் கலைக்காதீர்கள்.

10. துணைத் தகவல்களை இப்போதுதான் சொல்லுங்கள்

1884இல் ‘மின்யோனெட்’ என்ற படகு தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. சிறு படகில் தப்பிய நால்வரில் இருவர், பதினேழு வயதுப் பணிப்பையனைக் கொல்ல முடிவெடுத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் அவனைத் தின்றார்கள். அவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். உயிர் பிழைக்கும் தேவை கொலைக்கு நியாயம் ஆகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். அதற்கு முன்பே, 1838இல் எட்கர் ஆலன் போ எழுதிய நாவலிலும் அதே பெயருள்ள மாலுமியை மற்றவர்கள் உண்கிறார்கள். புலியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். முதல் வாரமே சொல்லியிருந்தால் முழு நாவலும் உடைந்துபோயிருக்கும்.

கப்பலின் பெயரும் அப்படியே. சிம்சும் என்பது யூத மறைஞான மரபின் சொல்: உலகம் உண்டாவதற்கு இடம்விட்டுக் கடவுள் தம்மைச் சுருக்கிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் ஐசக் லூரியாவின் போதனை அது. பை கல்லூரியில் ஆய்வு செய்தது அவரைப் பற்றித்தான் என்று 1ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பை என்ற எண்ணைப் பள்ளியில் 22/7 என்று எழுதினோம்; அவன் கடலில் இருந்தது 227 நாள்.

பிறகு 1ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். குழாயைத் திறந்ததும் கொட்டும் தண்ணீரைக் கண்டு அவன் கால்கள் மடிந்து விழுவதும், கனடாவில் உணவகம் ஒன்றில் கையால் சாப்பிட்டதைப் பரிசாரகர் கேலி செய்ததும் அவன் கை நின்றுபோனதும் அங்கே இருக்கின்றன. முதல் வாரம் யாரும் அவற்றைக் குறித்திருக்க மாட்டார்கள். 8ஆம் அத்தியாயத்தின் கண்ணாடிப் பத்தியையும் மறுபடி வாசியுங்கள்.

திரைப்படத்தை இதற்குப் பின் பார்க்கலாம். கடல் வாழ்வு பற்றி ஆலோசனை சொன்னவர் நான் முன்பு குறிப்பிட்ட ஸ்டீவன் கலஹான்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டாவது கதை அதில் காட்சியாக வராது. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் சிறுவனின் முகமும் குரலும் மட்டுமே.

உறைகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து அதே கேள்விக்கு இன்னோர் அரைப் பக்கம் எழுதி அதே உறையில் வைக்கச் சொல்கிறேன். அந்த அக்கா ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, விட்ட இடமான 37ஆம் அத்தியாயத்திலிருந்து தனியாகப் படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அவருக்கும் ஓர் உறை கொடுத்திருக்கிறேன்.